கால் படாத இடம்

“இன்னொண்ணு வருது, புடி.”

குழாய்க்குள்ளிருந்து தேசப்பனின் குரல் வந்தது. சாலைக்கு அடியில் குறுக்காகப் பதித்த பெரிய சிமெண்டுக் குழாய் அது. திருத்தணி மலையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் ஏரிக்குப் போக வேண்டும். காலையிலிருந்து போகவில்லை. சாலைக்கு மேல்புறத்தில் இருந்த வீடுகளுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கீழ்ப்புற வாயில் கொஞ்சமாகக் கசிந்தது, அவ்வளவுதான். அந்த வாய் வழியாகத் தேசப்பன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போயிருந்தான்.

அவன் பிடுங்கிப் பின்னால் தள்ளியது சேற்றோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அசோக்குமார் வாயில் நின்று அதைப் பிடித்துக் கரைமேல் நின்றிருந்த தேசப்பனின் மனைவி கௌரியம்மாளிடம் எறிந்தான். அவள் வாங்கி ஓரமாகப் போட்டாள். தென்னை மட்டை, தண்ணீர் பாட்டில்கள், காவடிக்காரர்கள் குடித்துவிட்டுப் போட்ட பால் பாக்கெட்டுகள். இப்போது வருவது எல்லாம் கட்டி வைத்த பிளாஸ்டிக் பைகள்.

“பாவா, உள்ள புதையல் கீதா இன்னா? வந்துகினே இருக்குது.” மச்சான் முறையில் கூப்பிட்டாலும் அசோக்குமாருக்கும் தேசப்பனுக்கும் உறவு ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் பக்கத்தில் ஆட்டோ நிறுத்துகிறவர்கள். “குப்பை போடறவன்கூட எவ்ளோ அழகா கட்டிகிறான் பாரு. தாம்பூலப் பை மாதிரி.”

சாலையின் மேல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரத்தினம்மாள் நின்றிருந்தாள். “எவ கட்டினாளோ, அவ ஊட்ல பூரணும் இந்தத் தண்ணி. என் கட்டில் மெதந்துகினு கீது.”

“உன் ஊட்டுக்காரரை அதும்மேல ஏறி உக்காரச் சொல்லு ரத்னாக்கா. படகு மாதிரி போவலாம்” என்றான் அசோக்குமார்.

“மொதல்ல பைப்பைப் பாருடா.”

கௌரியம்மாள் கையில் இருந்த பையைக் கீழே போடவில்லை. கறுப்புச் சேறு மழையில் கழுவிக்கொண்டு போக, பையின் கழுத்தில் சிவப்பு நூல் தெரிந்தது. நூலில் ஒரு சின்ன, தட்டையான முடிச்சு.

பொதட்டூர்பேட்டையில் தறி ஓடிய வீட்டில் பிறந்தவள் அவள். அறுந்த இழையைப் பிணைக்கும் முடிச்சை, எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே போடத் தெரியும். துணியில் இருப்பதே தெரியாத முடிச்சு. நனைந்தால் இன்னும் இறுகும். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தபின் தறி இல்லை. தேசப்பன் கே.ஜி.கண்டிகைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினான். அவள் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போனாள். முடிச்சு மட்டும் கையில் இருந்தது. தம்பியின் விசைத்தறியில் மிஞ்சும் நூலை, ஊருக்குப் போகும்போதெல்லாம் உருண்டை பிடித்து எடுத்துவருவாள்.

சாமிக்குப் போட்ட பூ காலில் மிதிபடக் கூடாது. தெருவில் மிதிபடும். குப்பை வண்டியில் கோழிக்கறிக் கழிவோடு சேரும். தண்ணீரில்தான் யாருடைய காலும் படாது. முதலில் கையாலேயே அள்ளி ஓடையில் விட்டுக்கொண்டிருந்தாள். பூக்கள் கரையில் ஒதுங்கின. மாடுகள் அவற்றின்மேல் நடந்ததைப் பார்த்தாள். அதன் பிறகு பையில் போட்டுக் கட்டினாள். ஓர் இதழ்கூட வெளியே வரவில்லை.

அக்கம்பக்கத்தில் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் வாடின மாலை, கிழிந்த சாமி படம், போன வருடத்துக் காலண்டர் எல்லாவற்றையும் பையில் போட்டு அவள் வீட்டு கேட் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார்கள். அவிழ்ந்து கிடப்பதை அவள் பிரித்துச் சரிசெய்து, இறுக்கி, நூலால் முடிச்சுப் போடுவாள். சனிக்கிழமை விடிந்ததும் கூடையில் வைத்து எடுத்துப் போய், இந்தச் சாலையின் கைப்பிடிச் சுவரிலிருந்து மேல்புறத்து ஓடையில் விடுவாள். கும்பிட்டுவிட்டுத் திரும்புவாள். எங்கே விடுகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கௌரியம்மா கையில் கொடுத்தால் போதும் என்றார்கள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு நிறைவாக இருக்கும். காசு வாங்கியதில்லை. ஆடிக் கிருத்திகை சமயத்தில் கூடை நிறையாமல் போனதில்லை.

எல்லாம் ஏரிக்குப் போய்விட்டது என்று நினைத்திருந்தாள்.

“அக்கா, இன்னா நின்னுட்ட? வாங்கு.”

அடுத்த பை. பச்சை நூல். அதற்கடுத்தது மஞ்சள். அதன் பக்கவாட்டு கிழிந்து, உள்ளே முருகன் முகம் மட்டும் அழியாமல் இருந்த ஒரு காலண்டர் அட்டை தெரிந்தது. அவள் அதைக் குவியலில் முடிச்சு கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டாள். முன்னால் போட்டவற்றையும் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

குழாய்க்குள் இருப்பது அவள் புருஷன். அவனுக்கும் அந்தப் பக்கம் நிற்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது அவளுடைய பைகள்.

அவள் குழாய் வாயருகே இறங்கி ஓடினாள். “என்னாங்க, வெளிய வந்துடுங்க. போதும்.”

“இன்னும் கொஞ்சம் கீது.”

“வந்துடுங்கன்னு சொல்றேன் இல்ல.”

“நீ மேல போ கௌரி.”

“ஜேசிபி வரட்டும், அது எடுக்கட்டும்.”

மேலிருந்து ரத்தினம்மாள் சொன்னாள்: “ஜேசிபி வர்றதுக்குள்ள என் ஊட்ல மீனு வளர்க்கலாம். நீ இன்னாம்மா, அவுரே பண்ணிகினு கீறாரு, வாணாம்ங்கிற.”

ஏன் வேண்டாம் என்பதை அத்தனை பேருக்கு நடுவில் சொல்லக் கௌரியம்மாளுக்கு வாய் வரவில்லை. இன்னொரு பை வந்தது. சிவப்பு நூல். அசோக்குமார் அதைத் தூக்கி அவளிடம் நீட்டினான். அதை வாங்கிக்கொண்டு அவள் கரைமேல் ஏறினாள்.

அப்போது உள்ளே ஏதோ இருமுவது போல ஒரு சத்தம் கேட்டது.

குழாய் முழுவதும் கறுப்பாகத் தண்ணீர் வெளியே வந்தது. வாயில் நின்றிருந்த அசோக்குமாரை அது தூக்கிக் கரையில் அடித்தது. மட்டையும் பாட்டிலும் பைகளும் அவள் காலடியைக் கடந்து போயின. மேலே நின்றவர்கள் “போவுது, போவுது” என்று கத்தினார்கள். சந்தோஷமாகத்தான் கத்தினார்கள். அசோக்குமார் எழுந்து கயிற்றை இழுத்தான். கயிறு லேசாக வந்தது. அதன் நுனி வெறுமனே இருந்தது. அவன் தேசப்பனின் இடுப்பில் போட்டிருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டிருந்தது.

அவன் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். மேலே சத்தம் நின்றுபோயிற்று.

கௌரியம்மாள் ஓடைக்கரையில் ஓடினாள். கூப்பிடவில்லை. வாயைத் திறந்துகொண்டுதான் ஓடினாள், சத்தம் வரவில்லை. ஓடை திரும்பும் இடத்தில் சீமைக்கருவேல முள்ளில் ஒரு சட்டை சிக்கியிருந்தது. சட்டைக்குள் தேசப்பன் இருந்தான். தலை தண்ணீருக்கு வெளியே இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது.

அவளும் பின்னால் வந்த அசோக்குமாரும் அவனை இழுத்து மேலே போட்டார்கள். அவன் சேற்றுத் தண்ணீராக வாந்தி எடுத்தான். பிறகு மூச்சு வாங்கினான். அசோக்குமார் ஆட்டோ எடுத்துவர ஓடினான்.

தேசப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் முகம் முழுவதும் முள் கிழித்திருந்தது.

“உன்னுதுதானே எல்லாம்?” என்றான்.

அவள் முந்தானையால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

“உள்ள இருட்டு. கண்ணு ஒண்ணும் தெரியல. கையில முடிச்சு தெரிஞ்சிச்சு.”

“எப்போ?”

“மொதல் பையிலயே.”

“அப்பவே வெளிய வந்திருக்கலாம் இல்ல?”

“வந்து இன்னான்னு சொல்றது? அத்தினி பேர் நின்னுகினு கீறாங்க.” கொஞ்ச நேரம் மூச்சு விட்டான். “இழுத்துப் பார்த்தேன். ஒண்ணுகூட அவிழல கௌரி.”

ஆட்டோ வந்தது.

மறுநாள் மழை இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் தேசப்பனின் காலை எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டு போட்டார்கள். மூன்று மாதம் ஆட்டோ ஓட்டக் கூடாது என்றார்கள். மகள் அனுராதா ஆர்.கே.பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, “இன்னா நைனா இது” என்று அழுதாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் கௌரியம்மாள் கஞ்சி வைக்க வீட்டுக்குப் போனாள்.

தண்ணீர் வடிந்திருந்தது. வீடுகளில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்கள். குழாயிலிருந்து எடுத்தவை சாலையோரத்தில் வெயிலில் கிடந்தன. சில பைகளை நாய் கிழித்திருந்தது. உள்ளே பூ கறுப்புக் கூழாகியிருந்தது. சாமி படங்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. போகிறவர்கள் கால் பட்டுவிடாமல் அந்த இடத்தில் மட்டும் சாலையின் மறுபக்கம் விலகி நடந்தார்கள். ஸ்கூட்டர்களும் விலகிப் போயின. ஒருவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டு கேட் கொக்கியில் மூன்று பைகள் தொங்கின. ஒன்றில் ரத்தினம்மாள் வீட்டுச் சாமி படங்கள், தண்ணீரில் ஊறி உப்பியிருந்தன. வாயைக் கட்டாமல் மாட்டியிருந்தாள். கட்டுவது கௌரியம்மாளின் வேலை.

கௌரியம்மாள் பைகளைத் தொடாமல் கேட்டைத் திறந்து உள்ளே போய்க் கஞ்சி வைத்தாள். தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது கொக்கியில் நான்கு பைகள் இருந்தன.