முக்காட்டின் மேல் அட்டைக் கிரீடம்

மகளின் பள்ளியில் மத்திய கால நாள் என்று அறிவித்தார்கள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் அந்தக் காலத்து இங்கிலாந்து ஆட்களைப் போல உடுத்துவர வேண்டும். பின்னேரம் மண்டபத்தில் அணிவகுப்பு, நன்றாக உடுத்தவருக்குப் பரிசு. மகளுக்கு அந்தப் பரிசு வேண்டும். எந்தப் பரிசுக்கும் அவள் பெயரை இதுவரை யாரும் வாசித்ததில்லை.

மற்றத் தாய்மார் கூம்புத் தொப்பியோடு இளவரசி உடுப்பு வாங்கினார்கள். எனக்கு அது பிழையாகப் பட்டது. படித்தவள் என்ற நினைப்பு; எதையும் தேடிப் பார்க்காமல் செய்யமாட்டேன். பழங்கால உடுப்புத் தைக்கும் ஓர் ஆங்கிலப் பெண்ணின் வீடியோக்களை, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தபடி பார்த்தேன். அந்தக் காலத்துப் பெண்களின் தலைத்துணி மூன்று துண்டு. நெற்றியைச் சுற்றி ஒரு பட்டி. தாடைக்குக் கீழால் கொண்டுவந்து உச்சியில் பட்டியோடு ஊசி குத்தும் துணி. அதற்கு மேல் முக்காடு. எல்லாவற்றையும் தாங்குவது பட்டிதான்.

முதல் தடவை கட்டிப் பார்த்தபோது, சேலைப் பழக்கத்தில் முக்காட்டைத் தோளோடு சேர்த்து ஊசி குத்திவிட்டேன். மகள் திரும்பிப் பார்த்ததும் முழுவதும் கழன்று விழுந்தது.

"அம்மா, நான் என்ன ரோபோவா?"

வால்தம்ஸ்டோ சந்தையில் வாங்கிய துணி வழுக்கியது. கணவரின் பருத்தி வேட்டி வழுக்கவில்லை.

"இஞ்சாரும், என்ர வேட்டியையோ வெட்டினீர்?"

"ஒரு கரைதானப்பா."

"கரையோ? பாதி போட்டுது. கோயில் தேருக்கு நான் மிச்சத்தைத் தலையில கட்டிக்கொண்டு போறதோ?"

அணிவகுப்பு நாள் காலை என் பழுப்புக் குர்தாவைச் சுருக்கித் தைத்து மகளுக்கு உடுத்திவிட்டேன். தலையைச் சுற்றிக் கட்டி, வாயைத் திறக்கச் சொன்னேன், ஒரு பிஸ்கட்டைச் சாப்பிடச் சொன்னேன்.

"மூச்சு விட ஏலுதா?"

"ஏலும் அம்மா. லேட் ஆகுது."

பள்ளி வாசலில் ஆசிரியை மகளின் தலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அளவுக்கு மிஞ்சிச் சிரித்தார். அழகாக இருக்கிறது என்றார். நாள் முழுவதும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருந்தேன். ஊசி கழன்று பிள்ளையின் கழுத்தில் குத்திவிடுமோ என்ற பயமும் கூடவே இருந்தது.

மண்டபத்தில் கூம்புத் தொப்பிகள் வரிசையாக வந்தன. கடைசியாக மகள் வந்தாள். நான் கட்டிவிட்ட முக்காட்டின் மேல் பொன்னிற அட்டைக் கிரீடம் ஒன்றை இறுக்கி வைத்திருந்தார்கள். துணி புருவம்வரை இறங்கியிருந்தது. அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

பரிசு ஒரு கூம்புத் தொப்பிக்குப் போனது. பக்கத்தில் நின்ற வகுப்பு உதவியாளர் என் காதருகே குனிந்தார். மகள் வேஷமில்லாமல் வந்ததால் மிச்சமிருந்த கிரீடத்தைக் கொடுத்தார்களாம். "தலைத்துணியை நாங்கள் தொடவே இல்லை. உங்கள் மதத்தை மதிக்கிறோம்."

எங்கள் மதத்தில் பிள்ளைகள் தலையை மூடுவதில்லை. காலையில் வைத்த பொட்டைக்கூடப் பட்டி மறைத்திருந்தது. அதே துணி ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் தலையில் இருந்திருந்தால் அதை வரலாறு என்றிருப்பார்கள்.

"அதுதான் அவளுடைய வேஷம்," என்றேன். "உங்கள் ஊர்ப் பெண்கள் இப்படித்தான் கட்டினார்கள்."

உரத்துச் சொல்லிவிட்டேனா தெரியாது. அவர் முகம் சிவந்தது. ஆசிரியையிடம் ஓடினார். ஆசிரியை வந்து மன்னிப்புக் கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்கும்போதே சுற்றி யார் நிற்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டார். பிறகு மேடைக்குப் போய் இன்னொரு பரிசும் இருப்பதாக அறிவித்தார். முதல் தடவையாக மகளின் பெயரை வாசித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள், பரிசாகக் கொடுத்த கலர் பென்சில் பெட்டியைக் குழந்தையின் தள்ளுவண்டிக்கு அடியில் போட்டாள்.

"இதுதான் வேஷம் எண்டு நீ சொல்லேல்லையா?"

"சொன்னனான். 'கழட்டத் தேவையில்லை, ஸ்வீட்டி' எண்டிச்சினம்."

"சரி, பரிசு கிடைச்சுதுதானே?"

"அது நீங்கள் ஏசினதுக்குத் தந்தது."

"நான் ஏசேல்லையே."

"அவை பயந்திட்டினம் அம்மா. நான் பாத்தனான்."

வீட்டில் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். அசையாமல் நின்றாள். நெற்றியில் பட்டியின் தடம் சிவப்பாக இருந்தது. நான்தான் இறுக்கிக் கட்டிவிட்டேனோ, கிரீடம் அழுத்தியதோ.

"அடுத்த முறை கூம்புத் தொப்பி வாங்குங்கோ," என்றாள்.

"ஓம்," என்றேன்.