இங்கிலீஷ் பாடத்தோட சண்டை போட்டவரு

எங்கப்பாவுக்கு வாரத்துல மூணு நாள் ரத்தம் கழுவணும். கோலா சிலாங்கூர் டவுன்ல, கடை வரிசையோட கீழ்த்தட்டுல அந்த டயாலிசிஸ் சென்டர் இருக்கு. ஒரு தடவ மெஷின்ல மாட்டிட்டா நாலு மணி நேரம் எழுந்திரிக்க முடியாது. ஊசி குத்தின கைய நீட்டிக்கிட்டு, இன்னொரு கையால போர்வைய இழுத்து இழுத்துப் போர்த்திக்கிட்டு, சும்மா கிடக்கணும். எங்கப்பாவுக்குச் சும்மா கிடக்கத் தெரியாது. ஆயுசு பூரா செம்பனைக் குலை ஏத்தின லோரிய தோட்டத்துக்கும் மில்லுக்குமா ஓட்டின மனுஷன். அங்க அவருக்குக் கட்டாம விட்டது வாய் ஒண்ணுதான்.

நான் கிள்ளான்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ். அம்மா நான் ஆறாம் ஆண்டு படிக்கிறப்பவே போய்ச் சேந்துட்டாங்க. ஈஜோக்ல இருக்கிற வீட்டுல நானும் அவரும்தான். எனக்கு மத்தியான வேலையோ லீவோ இருந்தா நானே காடி ஓட்டி அவரைக் கூட்டிட்டுப் போவேன், இல்லாட்டி சென்டர் வேன் வரும். இங்கிலாந்துல ஒரு ஆஸ்பத்திரியில என்னை எடுத்துக்கிறதாச் சொல்லியிருந்தாங்க. அதுக்கு ஒரு இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணணும். பேசுறது, கேக்குறது, எழுதுறது, வாசிக்கிறதுன்னு நாலு பாகம், நாலுலயும் அவங்க கேக்கிற மார்க்கு வரணும். எனக்கு உட்கார்ந்து படிக்கிறதுக்கு நேரம் கிடைச்ச ஒரே இடம் அப்பாவோட நாற்காலிக்குப் பக்கத்துல போட்டிருந்த பிளாஸ்டிக் ஸ்டூல்தான்.

முதல்ல மனசுக்குள்ளதான் வாசிச்சேன். அவரு விட்டாத்தானே.

"என்னா பாப்பா, தனியா தின்னுக்கிட்டு இருக்க? சத்தமா வாசி, நாங்களும் கேக்கிறோம்லா."

"இங்கிலீஷ்பா. உங்களுக்குப் புரியாது."

"புரியாட்டி புரிய வை. அதுக்குப் பேருதானே படிப்பு?"

சரி, இந்த மனுஷனோட மல்லுக்கட்டுறதுக்கு வாசிச்சே தொலைக்கலாம்னு ஆரம்பிச்சேன். பாடத்த இங்கிலீஷ்ல வாசிப்பேன், அப்புறம் தமிழ்ல கதையாச் சொல்லுவேன், அப்புறம் கேள்வி. பக்கத்து நாற்காலியில பத்தாங் காலிங்கிற ஊர்லருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கின ஒரு ஆன்ட்டி. சர்ச்சுக்குப் போறவங்க, அமைதியான ஆளு. அவங்களும் காதைக் கொடுத்தாங்க. கொஞ்ச நாள்ல நான் ஸ்டூல இழுத்துப் போட்டதும் அந்தப் பக்கம் டிவி சத்தத்தக் குறைக்கச் சொல்லிருவாங்க.

இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் படிக்கிறப்போ அப்பாதான் கேள்வி கேப்பாரு. அவருக்கு மலாய் வாசிக்கத் தெரியும், அதனால இங்கிலீஷையும் மலாய் மாதிரியே எழுத்துக் கூட்டிருவாரு. "ஃபாத்திகுவே"ன்னாரு ஒரு நாள். நான் முழிச்சேன். புத்தகத்த வாங்கிப் பாத்தா ஃபடீக். "களைப்புப்பா"ன்னேன். "அத ஏன் இப்பிடி எழுதி வச்சிருக்கான்? எழுதறதுக்குள்ளயே களைச்சுப் போயிருவான் போலருக்கே"ன்னாரு. ஊசிய சரி பண்ண வந்த தாதிப் பொண்ணு சிரிச்ச சிரிப்புல மெஷின் என்னமோ ஆயிருச்சோன்னு எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

வாசிப்புப் பாடம்தான் பெரிய தலைவலி. பாடத்துக்குக் கீழ சில வரி குடுத்திருப்பான். எழுதினவன் சொல்றதப் பாத்து சரி, தப்பு, இல்ல பாடத்துல சொல்லவே இல்ல, இந்த மூணுல ஒண்ணப் போடணும். உனக்கு என்ன தெரியும்கிறது அங்க கணக்கே கிடையாது. அவன் என்ன எழுதியிருக்கான், அவ்வளவுதான். இத எங்கப்பாவுக்குப் புரிய வைக்க எந்த ஆண்டவனாலயும் முடியல.

ஆந்தையப் பத்தி ஒரு பாடம் வந்துச்சு. செம்பனைத் தோட்டத்துல ஆந்தைக்குப் பொட்டி கட்டி வச்சா எலி குறையும்னு எழுதியிருந்தான். கதைய முடிக்கல, அப்பா ஆரம்பிச்சுட்டாரு.

"பொய்! எங்க தோட்டத்துலயும் பொட்டி வச்சான். ஆந்தையா வந்துச்சு? தேனீதான் வந்துச்சு. ஆளுங்கள மேய்க்கிற மண்டோர் மூஞ்சி வீங்கி ஒரு வாரம் வேலைக்கு வரல."

"அண்ணே, எங்க பக்கம் ஆந்தை வந்துச்சுண்ணே. எலி நிசமாவே குறைஞ்சுச்சு"ன்னாங்க ஆன்ட்டி.

"உங்க பக்கத்து ஆந்தை வேலை செய்யும்மா. எங்க ஆந்தை சம்பளம் வாங்கிட்டுத் தூங்கிருச்சு."

"அப்பா, ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. எழுதினவன் குறையும்னு சொல்றான். விடை சரி. அவ்ளோதான்."

"தப்புன்னு போடு!"

தப்புன்னுதான் போட்டேன். அவரு மனசுக்காகப் போடல. என் கையே அப்பிடிப் போயிருச்சு. விடைப் பக்கத்தத் திருப்பிப் பாத்துட்டு எரிச்சல்ல பென்சில அவரு கால்மாட்டுல வீசினேன். அவரு குனிய முடியாம, கால் விரலால அத என் பக்கம் தள்ளி விட்டாரு.

"பாஸ் பண்ணிட்டுப் போ பாப்பா"ன்னு இதே வாய்தான் தினமும் சொல்லும். "இங்க என்ன இருக்கு? என் கையப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா உனக்கு வயசுதான் ஆகும். வேன் வருது. முட்டை அவிக்கத் தெரியும். சோறு பொங்கத் தெரியும். நான் என்ன பச்சப் புள்ளையா?" யாரு என்னா கேட்டாலும், அவரு நாடித் துடிப்பப் பாக்க வந்த டாக்டர் கிட்ட கூட, மக லண்டன் போறான்னு சொல்லி வச்சிருந்தாரு. நான் போகப் போறது லண்டன் இல்லன்னு எத்தனை தடவ சொல்லியும் கேக்கல.

ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் அவரு சண்டை போடல. இங்கிலாந்துல ஏதோ ஒரு சின்ன டவுன்ல தனியா இருக்கிற வயசானவங்க வீட்டுக்கு ஆளுங்க வாரத்துக்கு ஒரு தடவ போய்ச் சும்மா பேசிட்டு வருவாங்களாம். அப்பிடி ஒரு கிழவனப் பத்தி எழுதியிருந்தான். நான் தமிழ்ல சொல்லி முடிச்சதும் அப்பா கூரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"அந்தக் கிழவனுக்குப் புள்ளைங்க இல்லையா?"

"பாடத்துல சொல்லலப்பா."

"அத சொல்லணும்லா. அதத்தானே முதல்ல சொல்லணும்."

நான் அடுத்த பாடத்துக்குப் போயிட்டேன்.

பரீட்சை எழுதினேன். ரிசல்ட் போன்ல வந்தப்போ சென்டர்லதான் இருந்தோம், அப்பாவுக்கு மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. மத்த மூணும் வந்திருச்சு. வாசிப்புல அரை மார்க் கம்மி. ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாத்தேன். ஏன் போச்சுன்னு எனக்கே நல்லாத் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் இவரு குரல் காதுல கேக்கும். "பொய் சொல்றான், தப்புன்னு போடு"ன்னு. சரிக்கும் தப்புக்கும் நடுவுல நான் நின்னுக்கிட்டு இருக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சு போச்சு. கடைசிப் பக்கம் காலியாவே போச்சு.

"போச்சுப்பா. அரை மார்க்கு."

அப்பத்தான் அவரு மூஞ்சியப் பாத்தேன். சிரிச்சிட்டாரு. அடக்குறதுக்கு முன்னாடி வந்துருச்சு அந்தச் சிரிப்பு. காணாமப் போன புள்ள கிடைச்ச மாதிரி ஒரு மூஞ்சி. அடுத்த நிமிஷமே, "அடச்சே! அரை மார்க்கா? நீ படிச்ச லட்சணம் அப்பிடி!"ன்னு கத்த ஆரம்பிச்சிட்டாரு. ஆன்ட்டி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

எனக்கு வந்துச்சே கோபம். வீடு வரைக்கும் பேசுறதில்லன்னு காடியக் கிளப்பினேன். அவரு தாகத்துக்குத் தண்ணி குடிக்க முடியாது, அளவு உண்டு. ஒரு ஐஸ் துண்ட வாயில போட்டு உருட்டிக்கிட்டே வந்தாரு. பாதி வழியில என்னாலயே முடியல.

"சந்தோஷமாப்பா?"

"பைத்தியமா உனக்கு?"

"நான் பாத்தேன்."

வாயில இருந்த ஐஸக் கடிச்சு நொறுக்கினாரு. ரெண்டு பக்கமும் செம்பனைதான். அப்புறம், "சந்தோஷம்தான். ஒரு நிமிஷம். அதுக்கப்புறம் வெட்கமாப் போச்சு"ன்னாரு. வெளியப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "நீ போகணும் பாப்பா. அதுவும் நிசம். ரெண்டும் நிசம்தான், நான் என்னா பண்ண?"

நான் காடிய ஓரமா நிறுத்திட்டு அழுதேன். எனக்கும் அந்த ரிசல்ட்டப் பாத்த உடனே உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு, அத அவருகிட்ட சொன்னேன். "அப்போ ரெண்டு பேருமே கழுதைங்கதான்"னு சொல்லிட்டு என் தலையத் தட்டினாரு. மறுபடியும் பரீட்சைக்குப் பேரு கொடுத்தேன். மறுபடியும் ஸ்டூல், பாடம், சண்டை. பரீட்சைக்காகப் படிக்கிறோமா, இல்ல இந்தச் சண்டைக்காகவே பரீட்சைய வச்சிக்கிட்டு இருக்கிறோமான்னு கேட்டா, அந்த மாசங்கள்ல என்னால பதில் சொல்லியிருக்க முடியாது.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நான் டியூட்டியில இருந்தேன். பக்கத்து வீட்டுல இருந்து போன். குளிக்கப் போனவரு குளிக்கிற அறை வாசப்படியிலயே விழுந்துட்டாருன்னாங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ளயே முடிஞ்சிருச்சு. எத்தனையோ பேரு நெஞ்ச அமுக்கி உசுர இழுத்துப் புடிச்ச கை இது. கிள்ளான்லருந்து ஈஜோக் வர்ற வரைக்கும் ஸ்டியரிங்க மட்டும்தான் புடிச்சிருந்துச்சு. நெஞ்சு இப்பிடி நின்னு போறது இந்த நோய்க்காரங்களுக்கு சகஜம்னு எனக்குத் தெரியும், நானே மத்தவங்க வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லியிருக்கேன். இனிமே யாருகிட்டயும் அப்பிடிச் சொல்ல மாட்டேன்.

கருமாதி முடிஞ்சு, அவரோட போர்வையையும் தலையணையையும் வாங்கிட்டு வர சென்டருக்குப் போனேன். அவரு நாற்காலியில வேற ஒருத்தர் படுத்திருந்தாரு. நான் அந்தப் பக்கம் பாக்காம வெளிய போகத்தான் நெனச்சேன். ஆன்ட்டி கையப் புடிச்சிட்டாங்க.

"பரீட்சை இருக்குல்லமா? ஒரு பாடம் வாசியேன்."

"புத்தகம் இல்ல ஆன்ட்டி."

"போன்ல இருக்கும்லமா. வாசி."

நின்னுக்கிட்டே வாசிச்சேன். பழைய கப்பல் ஒண்ணக் கடலுக்கடியில கண்டுபிடிச்ச கதை. தமிழ்ல சொல்லி முடிச்சேன். ஆன்ட்டி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், ஆயுசுல யாரையும் எதுத்துப் பேசாத அந்தம்மா, குரல உசத்தி, "பொய் சொல்றான்லா எழுதினவன்... கப்பலாவது..."ன்னு ஆரம்பிச்சாங்க. அதுக்கு மேல அவங்களுக்கு வரல. போர்வைய மூஞ்சி வரைக்கும் இழுத்துக்கிட்டாங்க. நான் அந்த இடத்துலயே உட்கார்ந்து ஓன்னு அழுதேன். தாதிப் பொண்ணு வந்து என்னைத் தூக்க வேண்டியதாப் போச்சு.

பரீட்சைக்குப் போறதா வேண்டாமான்னு கடைசி வரைக்கும் தெரியல. போனேன். கோலாலம்பூர்ல ஏசி போட்ட ஒரு பெரிய அறை. பக்கத்துல எல்லாம் சின்னச் சின்னப் பொண்ணுங்க, பென்சிலச் சீவி வரிசையா அடுக்கி வச்சிருந்தாங்க. வாசிப்புத் தாளக் கொடுத்தாங்க. முதல் பாடத்த வாசிச்சேன், கேள்வியப் பாத்தேன், விடையப் போட்டேன். ரெண்டாவது பாடமும் அப்பிடியே. எழுதினவன் என்ன சொல்றான்னு கண்ணாடி மாதிரித் தெரிஞ்சுச்சு. எங்கயும் நிக்கல, எதையும் திருப்பி வாசிக்கல. கடைசிப் பக்கமும் முடிஞ்சுது.

நிமிர்ந்து கடிகாரத்தப் பாத்தேன். இன்னும் நேரம் மிச்சமிருந்துச்சு. எனக்கு எப்பவுமே பத்தாத நேரம். பாஸ்தான்னு அங்கயே தெரிஞ்சு போச்சு. இனிமே நான் போகலாம், யாரும் எனக்காக ஈஜோக்ல காத்துக்கிட்டு இல்ல.

மறுபடியும் முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். ஒவ்வொரு வரியிலயும் விரல வச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா, ஏதாவது சொல்லுங்கப்பா. பொய்யின்னு சொல்லுங்க. தப்புன்னு போடச் சொல்லுங்க, போடுறேன், அரை மார்க் போகட்டும். அந்தப் பொண்ணுங்க எல்லாம் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தாங்க. அவரு ஒண்ணும் சொல்லல. நேரம் முடிஞ்சுதுன்னு சொல்லி, தாள வாங்கிட்டுப் போயிட்டாங்க.