சுண்ணாம்பு பூசிய முளைகள்

1952 மார்ச் 16, ஞாயிறு. சங்கு ஊதுவதற்கு முன்பே எழுந்தேன். வரக்காப்பி குடித்தேன். ரம்பத்தின் பற்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிக் கட்டினேன். அரம், கயிறு, சுத்தியல் எல்லாம் ஒரு பையில். சாப்பாடு எடுத்துக்கொள்ளவில்லை. வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோனாலும் அது காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் என்று முடிவாகிவிடும். வேலிக் கதவருகே வரிசையில் நின்றேன். காவலன் கயிற்றுச் சுருளுக்குள் விரலை விட்டுத் துழாவினான். ஒவ்வொரு ஞாயிறும் அதே கயிறு, அதே விரல்.

மலாயாவில் அவசரகாலம் வந்து நான்காவது வருஷம். கோலசிலாங்கூருக்கு வடக்கே எங்கள் தோட்டத்தில் மூலைக்கொன்றாக இருந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து, முள்வேலிக்குள் ஒரே இடத்தில் நெருக்கிவிட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்டது. யாரும் யாரையும் விரும்பவில்லை. விலகிப்போக இடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போக ஒரே வழியாக எங்களுக்கு மரம் இருந்தது. நாங்கள் மூன்று பேர். புகைக்கூடத்தில் ரப்பர் பாளங்களுக்கு நெருப்பு வைக்கும் நான், தோட்டத்துத் தச்சரான என் தங்கை புருஷன், பால்வெட்டை மேற்பார்க்கும் மண்டோர். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை காட்டோரத்தில் மரம் வீழ்த்தி, குழியில் வைத்துப் பலகை அறுக்க நிர்வாகம் சீட்டு கொடுத்திருந்தது. பலகையில் பாதி லயம் ரிப்பேருக்கு, மீதி எங்களுக்கு. பலகைக்காகப் போனோம் என்று சொன்னால் அது பொய். ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாளும் வியர்க்கப் போகிறவனுக்குக் கிறுக்கு என்றுதான் பெயர். லயத்துப் பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

கிறுக்கு ஒன்றாக இருந்தாலும் எங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. நான் ரம்பக்காரன். எனக்கு மரம் கீழே படுத்த பிறகுதான் மரம். மாப்பிள்ளை ஏறுகிறவர். பக்காவ் என்ற சதுப்புநில மரத்துக் கட்டையைச் சீவி முளைகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக மரத்தில் அறைந்து, அடித்த முளையில் கால் வைத்து அடுத்த முளையை அடித்துக்கொண்டே மேலே போவார். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் பிடுங்காமல் விட்ட முளை ஒன்று குழியில் என் ரம்பத்துக்குக் குறுக்கே வந்து இரண்டு பற்களைத் தின்றது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் அன்றிலிருந்து வேலைக்கு வேண்டிய வார்த்தைக்கு மேல் அவரிடம் பேசவில்லை. அதற்குப் பிறகும் ரம்பத்தின் ஒரு பிடி என் கையில், மறுபிடி அவர் கையில்.

மண்டோருக்கு இரண்டு வேலையும் அரைகுறை. கேலி மட்டும் முழுசு.

தைப்பூசம் முடிந்த ஞாயிறு, வேலிக்கு வெளியே தனியாக நின்ற கெம்பாஸ் மரத்தைக் காட்டி மண்டோர், “இது ஒனக்கு ஆவாதுலா தச்சரே. மொதக் கவைக்கு முன்னாடியே கால் நடுங்கி எறங்கிருவ” என்றார். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஏறமாட்டாய் என்று சொல்கிறவன் தன் துண்டை அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். ஏறுகிறவன் அதைத் தான் எட்டிய உயரத்தில் கட்டிவிட்டு வருவான். வேண்டுமானால் துண்டுக்காரன் போய் எடுத்துக்கொள்ளலாம். மண்டோர் சிவப்புக்கரை போட்ட தன் துண்டைக் கொடுத்தார். மாப்பிள்ளை ஏறினார், கட்டினார், இறங்கினார். துண்டு இலைகளுக்குள் மறைந்திருந்ததால் கீழிருந்து தெரியவில்லை. மண்டோர் விடவில்லை. “பாதியில சொருகிட்டு வந்து கதை வுடுறான்” என்று தண்ணீர்க்குழாயடி வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாப்பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு சுண்ணாம்பு டின்னோடு வந்தார். ஒவ்வொரு முளையின் நுனியிலும் சுண்ணாம்பு பூசிக்கொண்டே கவை வரை ஏறினார். இறங்கும்போது அடிமுளைகளைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம்தான். அவர் பிடுங்கவில்லை. லயத்தில் வாசலில் நின்று பார்த்தாலே வெள்ளைப் புள்ளிகள் நூல் பிடித்ததுபோல வானத்துக்குப் போவது தெரிந்தது. அதற்குத்தான் பூசினார். தச்சனுடைய திமிர். அது வேறு யார் கண்ணில் எப்படிப் படும் என்று அவர் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் மூவரில் எவருமே யோசிக்கவில்லை. எங்களுக்கு அது மரம்.

மார்ச் 15 சனிக்கிழமை அந்தப் பக்கம் போன ரோந்துக்காரர்களுக்கு அது அடையாளம். காட்டிலிருப்பவர்கள் ஏறி வேவு பார்க்கச் செய்த ஏணி, இருட்டில் தெரிய வெள்ளை வேறு.

மறுநாள், ரம்பத்தைச் சாக்கில் சுற்றிய அந்த ஞாயிறு காலை, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக் காவலர்களின் தலைவரான சார்ஜன் வெளியே இழுத்தார். முளைகள் யாருடையவை என்று கேட்டதும், என்னுடையவை என்று மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். எதற்கு என்றால் பந்தயத்துக்கு என்றார். யாரோடு என்றால் மண்டோரோடு. மண்டோரைக் கூப்பிட்டார்கள். அவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்று மலாயில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். பெரிய மண்டோர் வேலை அந்த மாதம் காலியாக இருந்தது.

மதியம் அரிசி இறக்க வரும் லோரியில் ஏற்றி, கோலசிலாங்கூர் போலீஸுக்கு அனுப்புவதாகச் சார்ஜன் சொன்னார். மாப்பிள்ளையைக் காவல் குடிசையில் உட்காரவைத்தார்கள்.

தங்கை இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்தாள்.

“அண்ணே, லோரியில ஏத்துனவங்கள அப்படியே கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்களாமே. இவருக்கு அங்க யாரு இருக்கா? எங்க கெதி?”

“அந்தச் சுண்ணாம்பு பூசும்போது கேட்டிருக்கணும்” என்றேன்.

“நீங்க அவரோட பேச வேணாம். எனக்காகப் போய்ப் பேசுங்க.”

மண்டோர் வீட்டுக்குப் போனேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

“வந்து உண்மையச் சொல்லுங்க மண்டோரே. ஒரு வார்த்தை.”

“என்னத்தச் சொல்ல? நான் அன்னைக்கு அந்தப் பக்கமே திரும்பலலா.”

“உங்க துண்டு மேல இருக்கு.”

“என் துண்டு இதோ தோள்ல இருக்கு. கண்ணு தெரியலையா ஒனக்கு, புகையில வெந்து போச்சா?” அவர் சிரித்தார். “மேல ஒண்ணும் இல்ல. அவன்தான் ஏறவே இல்லையே.”

தன் பொய்யை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது. அதற்கு மேல் அவரோடு பேசி லாபம் இல்லை. சார்ஜனிடம் போய், மேலே ஆதாரம் இருக்கிறது, நான் ஏறி எடுத்துவருகிறேன் என்றேன். அவர் என் நரைத்த தலையையும் வயிற்றையும் பார்த்தார். விழுந்தால் ரிப்போர்ட் எழுதுகிற வேலை தனக்குத்தான் என்றார். பிறகு, காட்டுப் பக்கம் கையை அசைத்தால் சுடுவோம் என்றார். இரண்டு காவலர்களோடு அனுப்பினார். வேடிக்கை பார்க்க வேலி ஓரமாக லயமே கூடியது. மண்டோரும் வந்து நின்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பத்து வருஷமாக ஏறாத உடம்பு. முளைகள் அவர் காலுக்கு ஏற்ற இடைவெளியில் இருந்தன. எனக்கு ஒவ்வொன்றும் அரை சாண் எட்டவில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் அவரைத் திட்டினேன். சுண்ணாம்பு உள்ளங்கை வியர்வையில் குழைந்து வழுக்கியது. கீழே காவலனுடைய துப்பாக்கி என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது திரும்பாமலே தெரிந்தது. பாதிக்கு மேல் இரண்டு முளைகள் கைப்பிடிக்குள் இலேசாகத் திரும்பின. மரத்தைக் கட்டிக்கொண்டு, மூச்சு அடங்கும்வரை பட்டையில் கன்னத்தை வைத்திருந்தேன். மற்றவை அசையவில்லை. நல்ல வேலை. அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

கவையில் துண்டு இருந்தது. மழையில் சாயம் போய், எறும்பு ஏறி, தச்சன் முடிச்சில் இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. அவிழ்த்து இடுப்பில் செருகிய பிறகு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். காவல் குடிசையின் பின்வாசல், துப்பாக்கி சாத்தியிருந்த சுவர், கதவு, அரிசி ஸ்டோர், சுங்கை புரோங் பக்கமிருந்து லோரி வரும் செம்மண் சாலை எல்லாம் தட்டில் வைத்ததுபோலத் தெரிந்தன. ரோந்துக்காரர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. வேவு பார்க்க இதைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்தில் கிடையாது. இறங்கிய பிறகு இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

துண்டைச் சார்ஜன் கையில் கொடுத்தேன். அவர் விரித்தார். மூலையில் தோட்டத்துச் சலவைக்காரர் கறுப்பு மையில் போடும் குறி அழியாமல் இருந்தது. வீட்டுக்கு ஒரு குறி. சார்ஜன் மண்டோரின் தோளில் இருந்த துண்டை இழுத்து, அதன் மூலையைப் பக்கத்தில் வைத்தார். ஒரே குறி.

கூட்டத்தில் ஒரு கிழவி, “மண்டோரு துண்டு மட்டும் தனியா ஏறிப்போச்சு போல” என்றாள். அதற்குப் பிறகுதான் மண்டோருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பந்தயம், துண்டு, சுண்ணாம்பு, மூன்றையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சார்ஜன் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு எங்களையும் அதே வார்த்தையில் திட்டினார். நாளை மதியத்துக்குள் அந்த மரம் தரையில் கிடக்க வேண்டும், அறுப்பவர்கள் நாங்கள்தான் என்றார். ஞாயிற்றுக்கிழமைச் சீட்டை என் சட்டைப்பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். இனி மரமும் கிடையாது, குழியும் கிடையாது.

லோரி அரிசியை இறக்கிவிட்டு ஆளில்லாமல் திரும்பிப் போனது.

மாப்பிள்ளை குடிசையிலிருந்து வந்தார். தங்கை அழுதாள். அவர் அவளைத் தாண்டி என்னிடம் வந்தார்.

“ஒங்கள யாரு மச்சான் ஏறச் சொன்னா?”

“ஒன் பொண்டாட்டி.”

“எது வரைக்கும் போனீங்க?”

“துண்டு வரைக்கும்.”

“கவைக்கு மேலயும் நான் போனேன். அங்க கட்ட எடமில்ல, அதான் கீழ கட்டுனேன்.”

“ரெண்டு முளை ஆடுது மாப்பிள்ளை.”

“ஆடாது.”

“கை வெச்சவன் சொல்றேன்.”

“பயத்துல ஒங்க கை ஆடியிருக்கும்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். இரண்டு வருஷத்தில் நாங்கள் பேசியதில் அதுதான் அதிகம். அன்று மாலை உள்ளங்கைச் சுண்ணாம்பைக் கழுவினேன். தோலும் கொஞ்சம் போனது. ரம்பத்துக்கு அரம் போட்டு வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் கதவு திறந்ததும் ஒரு காவலனோடு நாங்கள் இருவரும் மரத்தடிக்குப் போனோம். மண்டோர் வரவில்லை. நான் ரம்பத்தைச் சாக்கிலிருந்து பிரிப்பதற்குள், மாப்பிள்ளை என் பையிலிருந்து சுத்தியலைக் கேட்காமலே எடுத்தார். அடிமுளையை இடமும் வலமும் தட்டி, பிடுங்கி, அது எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்று நான் பார்க்கும்படி என் கால் முன்னால் போட்டுவிட்டு, அடுத்த முளைக்குப் போனார்.