புத்தூர்ச் சந்தியில் விட்டுவந்த தகப்பன்

நாவல் எழுதுகிறவனுக்குத் தன் ஆட்கள் யார், எங்கே என்ற கணக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கோ என் மூக்குக்கண்ணாடி எந்த அறையில் கிடக்கிறது என்பதே தெரியாது. கொழும்புக்கு ரயிலேறிய பெண் திரும்பி வராமலே அடுத்த அத்தியாயத்தில் வட்டுக்கோட்டையில் இடியப்பம் அவித்தாள். கால் முறிந்து கிடந்தவன் மறுநாள் வேலி பாய்ந்தான். இது சரிப்படாது என்று, யார் எங்கே நிற்கிறார்கள் என மடிக்கணினியில் ஒரு அட்டவணை போட்டேன். பிறகு அந்த அட்டவணையைத் தேடினேன்.

என் முதல் வாசகி என் மனைவி. அவள் சரி சொல்லாமல் எதுவும் பதிப்பகத்துக்குப் போகாது. இந்த நாவலில் நான் மலைபோல நம்பியிருந்தது கீரிமலை அத்தியாயத்தைத்தான். ஆடி அமாவாசையன்று கதாநாயகன் கேணியில் தோய்ந்து, தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்து, வீட்டில் காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதம் முடிக்கிறான். வாசித்ததும் அவள் கண் கலங்குவாள் என்று அடுப்படி வாசலில் காத்து நின்றேன்.

அவள் தாளை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "உந்தப் பெடியன்ரை தேப்பன் எப்ப செத்தவர்?"

தகப்பன் உயிரோடு இருக்க எங்கள் பக்கத்தில் யாரும் அந்த விரதம் பிடிப்பதில்லை. அவரோ ஏழாம் அத்தியாயத்தில் குடையும் கையுமாகப் புத்தூர்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர். அதற்குப் பிறகு நான் அவர் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. மகன் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போதும் மனிதர் அங்கேதான் நின்றிருக்கிறார்.

அதற்கென்ன, ஒரு வரியில் மாரடைப்பு வரவழைத்துவிடுகிறேன் என்று சமாளித்தேன்.

"பஸ் வராததுக்கு ஆளைச் சாக்காட்டுவியளோ? முதல் அவரை வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோ. பிறகு வாசிக்கிறன்."

அவளுக்குத் தெரியாமல் மாரடைப்பை எழுத உட்கார்ந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. என் அப்பா போன பின் வந்த முதல் ஆடி அமாவாசையில் கீரிமலையில் நான் நின்றதைத்தான் அப்படியே தூக்கி நாவலில் போட்டிருந்தேன். அவர் போன நாளை எழுத மட்டும் எனக்குத் துணிவில்லை. அதனால் ஒரு வயோதிபரைத் தெருவில் நிறுத்திவிட்டு, எனக்கு ஞாபகமறதி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கீரிமலை அத்தியாயத்தை வெட்டினேன். பருத்தித்துறையிலிருந்து வந்த பஸ்ஸைப் புத்தூர்ச் சந்தியில் நிறுத்தினேன். பெரியவர் ஏறி வீடு வந்து, குடையை மூலையில் சாத்திவிட்டு, தேடி வராத மகனை வாய் ஓயுமட்டும் ஏசினார். அந்த ஏச்சு முழுக்க என் அப்பாவுடையது. ஒரு சொல்லையும் நான் திருத்தவில்லை.

மனைவி அதை வாசித்து விழுந்து விழுந்து சிரித்தாள். இனி அனுப்பலாம் என்றாள். எனக்குத்தான் கண் கலங்கியது.