தாமதமாகச் சாகும் பூச்சி

நாகலாபுரத்தில் தேன்மொழியை ‘பூச்சி படிக்கிற பொண்ணு’ என்பார்கள். கேலிதான், ஆனால் தப்பில்லை. திருப்பதியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளும் நானும் மலேரியாக் கிருமியை வளர்த்துக்கொண்டிருந்தோம். மனித ரத்தத்தில், தட்டுத் தட்டாக. வேளைக்குத் தீனி மாற்றாவிட்டால் செத்துத் தொலையும். தட்டில் இருக்கிறவரைக்கும் அதற்கு அவ்வளவு செல்லம்.

அந்தக் கிருமிக்குள் ஏபிகோபிளாஸ்ட் என்று ஒரு துணுக்கு இருக்கிறது. எந்தக் காலத்திலோ கிருமியின் மூதாதை ஒரு பாசியை விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. அதன் பச்சை போய்விட்டது, வெயிலைத் தின்று வாழும் திறமையும் போய்விட்டது. ஆனாலும் அது இல்லாமல் கிருமிக்குப் பிழைப்பில்லை. நம் உடம்பில் அப்படி ஒன்று கிடையாது என்பதால் அதைக் குறிவைத்து அடிக்கலாம். மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டாக்ஸிசைக்ளின் அதைத்தான் முடக்குகிறது. சிக்கல் என்னவென்றால், அடி வாங்கிய கிருமி உடனே சாவதில்லை. ஒன்றுமே நடக்காததுபோல இரண்டு நாள் வளர்ந்து, குட்டி போட்டு, ரத்த அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தக் குட்டிகளுக்குத்தான் துணுக்கு உருப்படியாக வாய்க்காது. அடுத்த சுற்றில் அவை சாகும். இந்தத் தாமதம் ஏன் என்பதே தேன்மொழியின் ஆராய்ச்சி.

அவளைப் படிக்கவைத்தது அவள் தம்பி முனிகிருஷ்ணன். நிலம் நீச்சு இல்லாத வீடு. ஊர்ப் பையன்களெல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பியபோது இவன் மங்களூருக்குப் போனான், அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் சென்ட்ரிங் வேலைக்கு. தேங்கிய தண்ணீர் முழுக்கக் கொசு. தூக்கம் தகரக் கொட்டகையில். “நீ பூச்சிய தட்டுல வளக்கற, நாங்க ஒடம்புலயே வளத்துக்கினு கீறோம்” என்று அக்காவைச் சீண்டுவான். நானும் சிரித்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஆடியில் ஜுரத்தோடு வீட்டுக்கு வந்தான். டாக்டருக்குப் படிக்காமலே ஊரில் வைத்தியம் பார்க்கும் ஆர்.எம்.பி. டாக்டர் கைவசம் இருந்த மாத்திரையைக் கொடுத்தார். அவள் அப்பா சின்னசாமி கடை போனிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். அட்டையில் உள்ள பெயரைக் கடைக்காரரை விட்டுப் படிக்கச் சொன்னாள் தேன்மொழி. டாக்ஸிசைக்ளின். அவள் முகம் செத்துப்போனது.

“அது நல்ல மாத்திரதான் நைனா. ஆனா லேட்டா கேக்கும். ஒடனே கேக்கற மருந்து கூடவே ஏத்தணும். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வா.”

“நாளைக்குப் பாக்கலாம்மா. இப்பதான் கஞ்சி குடிச்சிட்டு படுத்துக்கினு கீறான்.”

மறுநாள் ஜுரம் விட்டிருந்தது. மலேரியாவின் அயோக்கியத்தனமே அதுதான். ஒருநாள் காய்ந்து ஒருநாள் விடும். விடுகிற நாளில் ஆள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பான். மகனுக்கு ஜுரம் இறங்கினால் நடந்தே மலையேறி அவனுக்கு மொட்டை போடுவதாக அம்மா செங்கம்மா ஏழுமலையானுக்கு நேர்ந்துகொண்டு மொக்கு வைத்திருந்தாள். அந்த வீட்டில் ஒரு கட்டு உண்டு. வேண்டியது பலித்துவிட்டால் மொக்கை ஓர் இரவுகூட வீட்டில் தங்கவிடக் கூடாது. தங்கவிட்டால் போன நோய் திரும்பி வரும் என்பார்கள். அதனால் காலை பஸ்ஸிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குக் கிளம்பினார்கள்.

அதே காலையில் தேன்மொழி திருப்பதியிலிருந்து நாகலாபுரத்துக்குக் கிளம்பியிருந்தாள். புத்தூர்ப் பக்கம் எங்கேயோ இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டியிருக்கும். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ரத்தினம்மா சிரித்த முகத்தோடு சொன்னாள்: “தம்பிக்கு நல்லாயிடுச்சு. மலைக்குப் போய்க்கினு கீறாங்க.” அதைக் கேட்டு அழுதவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

உடனே திரும்பி வந்து என்னையும் இழுத்துக்கொண்டு மலைக்கு ஓடினாள். மொட்டை போடும் மண்டபத்தில் ஒரு மொட்டையைத் தேடுவதைப்போல எரிச்சலான வேலை உலகத்தில் இல்லை. மறுநாள் காலை செங்கம்மாவின் குரலைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம். தலையில் கத்தி இருக்கும்போதே அவனுக்குக் குளிர் வந்துவிட்டிருந்தது. பாதித் தலை வழித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தான். மீதியை வழிக்காமல் எழுந்தால் சாமி குத்தம் என்று செங்கம்மா அவன் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். முழுக்க வழித்து, சந்தனம் பூசிய பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற விட்டாள்.

கீழே ஆஸ்பத்திரியில் குவினைன் ஏற்றினார்கள். அதற்குள் அவனுக்கு நினைவு தப்பிவிட்டது. கண் மஞ்சளாகியிருந்தது. வராந்தாவில் செங்கம்மா மகளைக் கேட்டாள்:

“இந்தப் பூச்சியத்தானே நீ படிக்கற?”

“ஆமாம்மா.”

“அந்த மாத்திர வேல செய்யலியா?”

“செய்யுதும்மா. பூச்சிக்கு அடி பட்டுட்டுது. அது இன்னும் சாவல, அவ்ளோதான்.”

“எப்ப சாவும்?”

“நாளன்னிக்கு.”

“நாளன்னிக்குத்தானே” என்று செங்கம்மா தெம்பாக எழுந்துபோய் மகன் காலைப் பிடித்துவிட்டாள். அதுவரைக்கும் இவன் தாங்க வேண்டும் என்பதை அவளிடம் சொல்ல தேன்மொழிக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. எங்கள் மேஜையில் அந்தக் கிருமியைப் பற்றி ஒரு அடுக்குத் தாள் கிடந்தது. அத்தனையும் படித்தவர்கள் ஒரு பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் மதியம் முனிகிருஷ்ணன் போய்விட்டான். சாயங்காலமே ஊருக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். அதற்கடுத்த நாள் காலை பால் தெளித்துவிட்டு வந்தார் சின்னசாமி. யாரையும் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

செங்கம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். தேன்மொழியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“நீ சொன்ன நாளு இன்னிக்குத்தானேம்மா?”

“ஆமாம்மா.”

“அது செத்திருக்குமா?”

“செத்திருக்கும்மா” என்றாள் தேன்மொழி.