சந்தனம் பூசிய பாட்டரிகள்

பஸ் பாட்டரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சார்ஜ் போட்டால் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுவதும் விளக்கு அணைந்துவிடும் என்று நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். மலாயாவுக்குச் சுதந்திரம் வரும் நேரத்தில் ஊரை இருட்டாக்கிய துரோகி என்று பிடித்துக்கொண்டு போனால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அப்போது நான் ஒரு பஸ் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. முதலாளி மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். அதுவரை பாட்டரிகளைத் தள்ளுவண்டியில் டவுனுக்கு அனுப்பித்தான் சார்ஜ் ஏற்றிவந்தோம்.

"நம்ம ஷெட்டுலயே ஒரு எடம் போடு தம்பி. டாக்சிக்காரனும் வந்து ஏத்திக்கிட்டுப் போவட்டும்" என்றார்.

திட்டம் என் தலையில் விழுந்தது. டாக்சி வந்து திரும்பச் சாலையோர மூலை, ஆசிட் வாடை போக உயரத்தில் ஜன்னல், பெட்ரோல் பீப்பாய்கள் எட்டாத தூரத்தில். வரையும்போதே வியர்த்தது.

சுதந்திரத்துக்கு முந்தின நாள்தான் சார்ஜ் ஏற்றும் மெஷின் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை ஜனங்களைச் சுதந்திர விழாத் திடலுக்கு ஏற்றிப்போக வேண்டும். அதற்காகப் புது மெஷினுக்குப் பூசை போடாமல் விட முடியுமா? டிரைவர்கள் சந்தனம் குழைத்தார்கள். இருந்த பயத்தில் நான் ஒவ்வொரு பாட்டரி முனையிலும் அள்ளி அப்பினேன்.

"பொட்டு வைக்கிறியா, செவுரு பூசுறியா?" என்றார் முதலாளி.

கிளிப்புகளை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். தெருவில் ஒரு விளக்குகூட மங்கவில்லை. மெஷினின் முள்ளும் அசையவில்லை. இவ்வளவு சிக்கனமாகக் கரண்ட் எடுக்கத் திட்டம் போட்டுவிட்டேனே என்று எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. விடிந்ததும் பாட்டரிகளை அப்படியே பஸ்களில் பூட்டினோம். சாமி சந்தனத்தை யார் துடைப்பார்கள்?

பட்டும் புது வேட்டியும் மலாய்க் கெபாயாச் சட்டையுமாக ஜனங்கள் ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் ஸ்டார்ட்டரை அழுத்தினார். டொக். அடுத்த பஸ்ஸிலும் டொக். அவர் இறங்கிப் பாட்டரி கிளிப்பைக் கழற்றினார். காய்ந்த சந்தனம் கட்டியாக உதிர்ந்தது.

"அண்ணே, கரண்டு எப்படிண்ணே உள்ள போவும்? வாசலையே அடைச்சு வெச்சிருக்கீங்களே!"

வேலை போயிற்று, குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். புதுச்சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டார்.

"அழுவுறத அப்புறம் அழுவலாம். பின்னால வந்து தள்ளுப்பா."

தலைமுறைகளாக மலாயே பேசி, தமிழ் தெரியாமல் போன மலாக்காச் செட்டிகளின் கம்பத்துக்காரர் ஒருவர் பஸ்ஸிலிருந்து குதித்து, "மாரி, தோலாக்!" என்று மலாயில் எல்லோரையும் தள்ளக் கூப்பிட்டார். ஆண்கள் மொத்தமும் இறங்கிவிட்டார்கள். ஜன்னலிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப்பார்த்தார்.

"கிராணி ஐயா, இதுவும் உங்க பிளான்ல இருந்துச்சா?"

சிரித்தபடியே தள்ளினார்கள். வேட்டி அழுக்காகிறது என்று ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. இன்று நினைத்தாலும் அத்தனை பேரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இறக்கத்தில் முதல் பஸ் இருமிக்கொண்டு கிளம்பியது. மற்றவற்றையும் அப்படியே கிளப்பினோம்.

திடலுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். முதலாளி என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை.