அக்காவின் கதைகள் யார் வீட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரை அடைந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர், சபையார் எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். நல்ல வார்த்தையாக நாலு எழுதும்மா என்று நம் சபைப் போதகர் ஐயர் சொன்னார். நானும் முழங்காலில் நின்று கேட்டுப் பார்த்தேன். கோபம் இறங்கவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். ஜெபித்துவிட்டுப் பொய் எழுத எனக்கு வராது.

அக்கா அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தார்கள். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை கிடைத்ததும் ஆம்பூருக்கு வந்தோம். பத்தாவது முடித்த கையோடு அக்கா ஷூ கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கல்யாணமான கொஞ்ச வருடத்திலேயே மாமா நெஞ்சு வியாதியில் தவறிப்போனார். பிள்ளை இல்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். என் பிள்ளைகள் இருவருக்கும் தலை வாரி, சோறு ஊட்டி வளர்த்தது அவர்கள்தான்.

கம்பெனியில் அக்காவுக்கு செக்கிங் வேலை. நாள் முழுக்க ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும். யாராவது போட்டு நடந்துவிட்டுத் திருப்பி அனுப்பிய ஷூவும் அவர்கள் மேசைக்குத்தான் வரும். அடிப்பாகத்தைப் பார்த்தே, போட்டவர் எந்தக் காலை அழுத்தி நடப்பவர் என்று சொல்வார்கள். வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, கட்டிலில் சாய்ந்துகொண்டு மர்ம நாவல் எழுதுவார்கள். ஓர் ஆண் பெயரில் வரும். பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கும். அதை வாங்கிப் படித்த பாதிப் பேருக்கு, எழுதியவர் நம் சபையில் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவர் என்று தெரியாது.

தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "எங்கேர்ந்துமா இவ்ளோ கொலை வருது உனக்கு?" அக்கா முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "உங்க வூட்லேர்ந்துதான்" என்பார்கள். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எத்தனை கல்யாணத்தில், எத்தனை பந்தியில் இந்தச் சிரிப்பு நடந்திருக்கிறது. இதைப் படிக்கும் நீங்களும் சிரித்தவர்கள்தான்.

கடைசிக் கதை எங்கிருந்து வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். எங்கள் சித்தப்பா வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

"சித்தப்பா, நில்லுங்க. யார் செருப்ப போட்டுனு போறீங்க?" என்றார்கள் அக்கா.

"ஏன், என்னுதுதான்."

"நீங்க வலது கால இழுத்து நடக்கிறவரு. உங்க செருப்புல வலது ஓரம் தேஞ்சிருக்கும். இது ரெண்டும் சமமா தேஞ்சிருக்கு, திருப்பிப் பாருங்க."

சித்தப்பா திருப்பிப் பார்த்தார். "அட ஆமா. இன்னிக்கி நட நல்லா வருதே, கர்த்தர் சொகம் குடுத்துட்டாருன்னு நெனச்சேன். உன்னோட பேஜாரும்மா."

வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அக்கா வீட்டு வாசலில் நின்று, "செத்துக் கெடக்கிறவன் கால்மாட்டுல வேற ஒருத்தர் செருப்பு இருந்தா இன்னாடி ஆவும்?" என்று கேட்டார்கள்.

அதுதான் கதை. படிக்கட்டின் கீழே ஒரு பெரியவர் விழுந்து கிடக்கிறார். கால் வழுக்கியதாகத் தெரியட்டும் என்று, கொன்றவர் அவசரத்தில் வேறு யாருடையதோ ஒரு ஜோடி செருப்பைப் பக்கத்தில் போட்டுவிடுகிறார். பெரியவரோ காலை இழுத்து நடப்பவர். செருப்பு சமமாகத் தேய்ந்திருக்கிறது. கடைசியில் மருமகள் மாட்டிக்கொள்கிறாள். இவ்வளவும் எங்கள் சபை வாசலில், சித்தப்பாவின் காலில் கிடைத்தது.

அக்காவின் கையெழுத்து பிரஸ்காரர்களுக்குப் புரியாது. எல்லாக் கதையையும் நான்தான் சுத்தமாக எழுதிக் கொடுப்பேன். இதையும் எழுதி, நானே கொண்டுபோய் கூரியரில் போட்டேன். அதன் பிறகுதான் கிறிஸ்துமஸ் வந்தது. நம் சபை அம்மா ஒருவரின் மாமனார், நாங்கள் தாத்தா என்று கூப்பிடுவோம், எங்கள் வீட்டுக்கு வந்து கேக் சாப்பிட்டார். "இந்த தபா யார கொல்றம்மா?" என்றார். "பேர சொன்னா பயந்துடுவீங்க தாத்தா" என்றார்கள் அக்கா. அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த கேக் சட்டையில் விழுந்தது.

புது வருடம் பிறந்து கொஞ்ச நாளில் அந்தத் தாத்தா மாடிப்படியில் விழுந்து இறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் அந்த அம்மா அதைச் சொல்லி அழுதார்கள். வீட்டில் சமாதானம் இல்லை, ஜெபியுங்கள் என்றார்கள். அக்காவும் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் புத்தகம் கடைக்கு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மா அந்தப் புத்தகத்தைப் பாயில் வீசினார்கள். "நான் கண்ணீரோட சொன்ன விண்ணப்பத்த இவ கதையா வித்துட்டா. என்ன கொலகாரி ஆக்கிட்டா. தெருவுல ஒருத்தி கேக்கிறா, இன்னாக்கா, மாமனார் செருப்பு எங்கன்னு."

"அந்த கதைய அனுப்பறப்ப தாத்தா உயிரோட இருந்தாரு. கூரியர்ல போட்டதே நான்தான். அதுக்கப்பறம்தான எங்க வூட்ல கேக் சாப்ட்டாரு" என்றேன்.

"தங்கச்சி அக்காள உட்டுக்குடுப்பாளா?" என்றார் ஒருவர்.

"அவளே எத்தினி வாட்டி சொல்லிக்கிறா, உங்க வூட்லேர்ந்துதான் எடுக்கிறேன்னு" என்றார் இன்னொருவர்.

"அது சிரிக்கிறதுக்கு சொன்னது" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சிரித்தவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பா சபையில் எழுந்து செருப்புக் கதையைச் சொன்னார். சொந்தக்காரன் சாட்சி எடுபடாது என்றார்கள்.

அந்த அம்மாவின் வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. தெருவில் அப்படிக் கேட்டவளை நினைத்தால் எனக்கும் கை துடிக்கிறது. ஆனால் அந்த வாயை அடைக்காமல், எங்கள் அக்காவையா அடிப்பது? ஜெப விண்ணப்பத்தை விற்றவள் என்பது சாதாரணப் பேச்சா? நம்மில் எவள் அந்தப் பேரோடு சபைக்குள் நடப்பாள்?

அக்கா அதன் பிறகு ஒரு வரி எழுதவில்லை. பதிப்பகத்திலிருந்து போன் வரும். எடுக்க மாட்டார்கள். ஏன் என்று நான் சண்டை போட்டேன். "எத எழுதினாலும் எவ வூட்லயாவது அது நடந்திருக்கும்டி" என்றார்கள். சர்க்கரை ஜாஸ்தியாகிக் கிட்னியில் போய் நின்றது. வேலூருக்கு டயாலிசிஸுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏறுகிற இறங்குகிற கால்களையே பார்த்துக்கொண்டு வருவார்கள். கதை உள்ளே ஓடுவது எனக்குத் தெரியும். வெளியே வரவிடவில்லை.

அடக்க நாளில் பெட்டியைச் சுற்றிப் பாய் போட்டு வைத்திருந்தேன். யார் வீட்டில் சாவு என்றாலும் வெள்ளிக்கிழமைப் பெண்கள் வந்து உட்கார்ந்து, பெட்டி எடுக்கும்வரை பாடுவது நம் வழக்கம். அந்தப் பாய் காலியாகவே கிடந்தது. நான் ஒருத்தியாகப் பாடினேன். கம்பெனிப் பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு தெரியாவிட்டாலும் கூடவே முனகினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி. சாமியானாவும் நாற்காலியும் போட்டுவிட்டு வாடகை வாங்க மறுத்த பக்கத்து வீட்டு பாய் அண்ணனுக்கும், மூன்று வேளையும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சோறு அனுப்பிய அவர் வீட்டம்மாவுக்கும் நன்றி. டயாலிசிஸ் வார்டு சிஸ்டர்களுக்கு நன்றி. ஜெபித்து அடக்கம் செய்த ஐயருக்கு நன்றி.

இன்னும் ஒருவர் பாக்கி.

அக்காவுக்குப் போர்த்த வெள்ளைச் சேலை எடுக்க உள் அறைக்குப் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், வாசலில் ஒரு ஜோடி செருப்பு. பழுப்பு வார். இடது குதிகால் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்தது. எத்தனை வெள்ளிக்கிழமை என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்த செருப்பு. நான் திரும்பி வருவதற்குள் அது இல்லை. "முக்காடு போட்டுனு ஒரு ஆன்ட்டி வந்தாங்கக்கா. கால தொட்டு அழுதாங்க. போய்ட்டாங்க" என்றாள் ஒரு கம்பெனிப் பெண்.

வந்தீர்கள் அம்மா. எனக்குத் தெரியும். அக்காவிடம் கற்றதால் தெரியும். வந்ததற்கு நன்றி. ஆனால் அந்தப் புத்தகத்தை எல்லோர் முன்பும் வீசினீர்கள், அழுவதற்கு மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு வந்தீர்கள். எனக்கு அது போதாது. இந்த நினைவு ஆராதனையில் முதல் வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். அவள் என் விண்ணப்பத்தை விற்கவில்லை என்று சபையார் காது கேட்க ஒரு தடவை சொல்லுங்கள். பிறகு நாம் சேர்ந்து பாடுவோம்.

பாயை இன்னும் சுருட்டவில்லை.

இப்படிக்கு,
தங்கை